மூளை என்ன டவுன் பஸ்ஸா?

கேள்வி: முகநூலில் எனக்கு 4,800 நண்பர்கள். மனித மூளை 150 பேரைத்தான் தாங்கும் என்று படித்தேன். அப்படியானால் மூளை பெரிதாக இருப்பவர்களுக்கு நண்பர்களும் அதிகம் இருப்பார்களா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: 'தாங்கும்' என்கிறீர்களே, அந்த வார்த்தையோடுதான் எனக்குத் தகராறு. மூளையை டவுன் பஸ் ஆக்கிவிட்டீர்கள். 150 பேர் ஏறியதும் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். 151-வது ஆள் படிக்கட்டில் தொங்குவார். உள்ளே யாராவது கோபித்துக்கொண்டு இறங்கினால்தான் அவருக்கு சீட். மண்டை பெரியவர் என்றால் டபுள் டெக்கர்! மூளையில் அப்படி சீட் கணக்கு எதுவும் கிடையாது. ஒருவரால் சராசரியாக 5,000 முகங்களை அடையாளம் காண முடியும் என்று இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் கணக்கிட்டார்கள். உங்கள் 4,800 பேரும் அதற்குள் தாராளமாக உட்காரலாம். பஸ்ஸில் இடம் இருக்கிறது, டீசல்தான் போதாது. அது என்ன டீசல் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 150. இந்த எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி வந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர் 1990-களின் தொடக்கத்தில் போட்ட கணக்கு இது. அவர் மூளையை நிறுத்துப் பார்க்கவில்லை. எடைதான் முக்கியம் என்றால், 5 கிலோ மூளை உள்ள யானைக்கு 1.3 கிலோ மூளை உள்ள நாம் சலாம் போட வேண்டியிருக்கும். அவர் பார்த்தது ஒரு விகிதத்தை. மூளையின் மேலே மடிப்பு மடிப்பாகப் போர்த்தியிருக்கும் நியோகார்ட்டெக்ஸின் கன அளவை, மீதி மூளையின் கன அளவால் வகுத்தார். மனிதனுக்கு மொத்த மூளை சுமார் 1,252 கன செ.மீ., அதில் நியோகார்ட்டெக்ஸ் 1,007. மீதி 245. வகுத்தால் 4.1.

குரங்கினங்களுக்கும் இதே விகிதத்தை எடுத்து, அவை வாழும் கூட்டத்தின் அளவோடு பொருத்திப் பார்த்தார். கிடைத்த சூத்திரத்தைப் பள்ளிக்கூட லாக் டேபிளை வைத்து நீங்களே போடலாம்: விகிதத்தின் லாக் மதிப்பை 3.389-ஆல் பெருக்கி, 0.093 கூட்டி, ஆன்டிலாக் எடுங்கள். 4.1-க்கு 147.8 வரும். அதுதான் 150.

இப்போது 4.1-க்குப் பதில் 4.5 போடுங்கள். 203. 3.7 போடுங்கள். 104. விகிதத்தை அளப்பதில் பத்து சதவீதம் பிசகினால் ஒரு கல்யாண மண்டபமே கூடுகிறது, குறைகிறது. காரணம் அந்த 3.389. சின்னப் பிழையையும் அது ஊதிப் பெரிதாக்கிவிடும். டன்பார் இதை மறைக்கவில்லை. 100-லிருந்து 231 வரை இருக்கலாம் என்று அவரே எழுதினார். பத்திரிகைகள் வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் அச்சிட்டன. எந்த ஆய்வு எண்ணானாலும் அதன் வீச்சையும் சேர்த்துப் போடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் நான் தொண்டை வறளக் கத்துவது இதற்காகத்தான். 2021-ல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் புதிய புள்ளியியல் முறைகளில் இதையே திரும்பப் போட்டார்கள். ஒரு முறையில் 4 முதல் 520 வரை வந்தது, இன்னொன்றில் 2 முதல் 336 வரை. மூளையை மட்டும் வைத்து ஓர் எண்ணைச் சொல்லவே முடியாது என்று முடித்துவிட்டார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சூத்திரம் இனத்துக்கு இனம் ஒப்பிடுவது. உங்கள் மண்டையையும் பக்கத்து வீட்டுக்காரர் மண்டையையும் ஒப்பிட அது உதவாது. மனிதர்களுக்குள் பார்த்த ஆய்வுகளும் உண்டு. கண்ணுக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதி பெரிதாக இருப்பவர்களுக்குப் பழக்கவட்டமும் சற்றுப் பெரிது என்று 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் எது முந்தி? 2011-ல் மக்காக் குரங்குகளில் பார்த்தபோது, பெரிய கூட்டத்தில் வைக்கப்பட்டவற்றுக்கு மூளையின் சில பகுதிகளில் சாம்பல்நிறத் திசு கூடியிருந்தது. பழக்கமே மூளையை வளர்க்கிறது என்றும் இதைப் படிக்கலாம்.

டீசல் என்றேனே, அது நேரம். புதிதாக அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல் ஆகிறது என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் கணக்கிட்டார். வாரம் இரண்டு மணி நேரம் சந்தித்தால் 200-ஐத் தொட இரண்டு வருஷம். பழகும் நேரத்தில் 40 சதவீதம் மிக நெருங்கிய 5 பேருக்கும், 20 சதவீதம் அடுத்த 10 பேருக்கும் போகிறது என்பது டன்பார் குழுவின் கணக்கு. தினம் மூன்று மணி நேரம் பழகுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் ஐவருக்குத் தலைக்கு 14 நிமிஷம். அடுத்த பத்துப் பேருக்கு மூன்றரை நிமிஷம். மீதி 135 பேருக்கு அரை நிமிஷம். உங்கள் 4,800-ல் பாக்கி 4,650 பேருக்கு எங்கே போவீர்கள்?

குரங்குகளுக்கும் இதே கஷ்டம். அவை பேன் பார்த்துத்தான் உறவு வளர்க்கின்றன. எத்தியோப்பிய மலைகளில் டன்பார் கவனித்த கெலாடா போன்ற குரங்குகள்கூடப் பகலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதற்குச் செலவிடுவதில்லை. இரை தேட வேண்டாமா? 150 பேர் கூட்டத்தைப் பேன் பார்த்தே கட்டிக்காக்க 42 சதவீத நேரம் வேண்டும் என்று கணக்கு வருகிறது. அதனால்தான் பேச்சு வந்தது என்பது டன்பாரின் வாதம். பேன் ஒருவருக்குத்தான் பார்க்கலாம், பேச்சை மூன்று பேர் கேட்கலாம். சிம்பன்சிக் கூட்டம் சுமார் 55, மனிதக் கூட்டம் 150, அதாவது 2.7 மடங்கு. ஒருவருக்குப் பதில் மூன்று பேர் என்ற கணக்கோடு இது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. பேசுபவரையும் சேர்த்தால் ஒரு பேச்சுக்கு நாலு பேர்தான். இந்த வாதத்தின் மேல் எனக்கு ஆசை உண்டு, ஏனென்றால் இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். அடுத்த கல்யாணத்தில் பந்தலில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஐந்தாவதாக ஒருவர் நாற்காலியை இழுத்துப் போடும்போது கடிகாரத்தைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு இரண்டாக உடையும்.