கல்யாண ரிசப்ஷனில் கேட்டரிங் ஆட்களுக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் எவ்வளவு, யார் கையில்?

தங்கைக்கு ஆவணியில் கல்யாணம், முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், சமையல் காண்ட்ராக்டரிடம் இலைக்கு இவ்வளவு என்று பேசி அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது, இதற்கு மேல் பரிமாறுகிறவர்களுக்குத் தனியாக டிப்ஸ் தர வேண்டுமா, தருவதென்றால் காண்ட்ராக்டரிடமே மொத்தமாகக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுங்கள். ஆனால் மொத்தமாக ஒருவர் கையில் கொடுக்காதீர்கள். நீங்களோ உங்கள் வீட்டு ஆள் ஒருவரோ ஒவ்வொருவர் கையிலும் நேராகக் கொடுங்கள், அதுவும் ராத்திரி ஒன்பதரைக்குள்.

இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. திருச்சியில் கல்லூரி படித்தபோது முகூர்த்த நாள் வந்தால் நான் கேட்டரிங் வேலைக்குப் போய்விடுவேன். அப்பா இல்லாத வீடு, ஹாஸ்டல் மெஸ் பில்லை அந்தக் காசில்தான் கட்டினேன். 2012 வாக்கில் ஒரு வேளைக்கு 250 ரூபாய். ரிசப்ஷன், மறுநாள் காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் 600. காண்ட்ராக்டர் எங்களை நேராகக் கூப்பிட மாட்டார். நடுவில் ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் ஒருவர் இருப்பார், தலைக்கு இவ்வளவு என்று அங்கே வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எங்களுக்குத் தருவார், அதுவும் அன்றைக்கே வராது, அடுத்த முகூர்த்தத்துக்கு வரும்போது வாங்கிக்கோ என்பார். ஆடியில் வேலை கிடையாது, மார்கழியில் கிடையாது. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் ஓடி ஓடிச் சேர்த்தால்தான் உண்டு.

வேலை என்று பார்த்தால் நாலு மணிக்கே மண்டபத்தில் நிற்க வேண்டும். மேஜை நாற்காலி போட்டு, பேப்பர் ரோல் விரித்து, தண்ணீர் பாட்டில் அடுக்கி, கறிவேப்பிலை உருவச் சொன்னால் அதையும் உருவி, ஏழு மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தது என்றால் பத்தரை வரை நிற்க நேரம் இருக்காது. புதுப் பையனுக்கு இலை, தண்ணீர், அப்பளம். சாம்பார் வாளி பழகினவன் கையில்தான் கொடுப்பார்கள். ஒரு பந்தி எழுந்திருப்பதற்குள் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள், அவர்களுக்கு நடுவில் கொதிக்கிற ரசத்தோடு போய்வர வேண்டும், ஒரு சொட்டு யார் பட்டுப்புடவையிலாவது பட்டுவிட்டால் அன்றைக்குக் கூலியே போச்சு. நாங்கள் சாப்பிடுவது எல்லோரும் போன பிறகு. அதற்குள் இனிப்பு, பிரிஞ்சி எல்லாம் காலியாகி, வெள்ளைச் சோறும் அடி சாம்பாரும் இருக்கும்.

தில்லைநகர் பக்கம் ஒரு பெரிய ரிசப்ஷன். பெண்ணின் அப்பா நல்ல மனுஷன், அதில் சந்தேகமே இல்லை. கடைசிப் பந்தி நடக்கும்போது டைனிங் ஹாலுக்கு வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசர் கையில் ஒரு கவரைக் கொடுத்து, "பசங்க நல்லா ஓடியாடி பார்த்துக்கிட்டாங்க, பிரிச்சுக் கொடுத்துடுங்க" என்றார். கவர் கனமாகவே இருந்தது. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கவர் எங்களிடம் வரவே இல்லை. பாத்திரம் ஏற்றின பிறகு என்றார், அப்புறம் காலையில் என்றார், காலையில் அவரே இல்லை. என்னோடு வந்தவன் துறையூர்ப் பக்கம், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அந்தக் காசுக்காகக் காத்திருந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். எனக்கு இன்றைக்கும் ஆறாதது எது என்றால், அந்தப் பெரியவர் கொடுத்துவிட்டார். நாங்கள் வாங்கிக்கொண்டோம் என்றுதான் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பார். மறுநாள் மண்டப வாசலில் பார்த்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் என்ன சொல்வது?

இதைச் சொன்னால் உடனே ஒருவர் வந்து, எல்லாக் காண்ட்ராக்டரும் அப்படி இல்லை என்பார். தெரியும். சொந்தக் காசைப் போட்டு எங்களுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்த மாஸ்டரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் காண்ட்ராக்டர் எந்த ரகம் என்று கல்யாண நெருக்கடியில் நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நேராகக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியே வராது. நல்லவராக இருந்தால் அவருக்கு அதில் வருத்தமும் இருக்காது.

2023-இல் கரூரில் என் தங்கை கல்யாணத்தை நான்தான் நின்று நடத்தினேன். கவர் விஷயத்தை முன்பே சொன்னதும் காண்ட்ராக்டர், "சார், எங்கிட்ட கொடுங்க, நான் பார்த்துக்கறேன், நீங்க தனியா கொடுத்துப் பழக்கினா அடுத்த கல்யாணத்துல கேட்டு நிப்பாங்க" என்றார். "அண்ணே, உங்க கணக்கு உங்களுக்கு வந்துடும், இது எங்க வீட்டு மரியாதை, இதுல தலையிடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். சித்தப்பாவுக்கும் பிடிக்கவில்லை. "பேசின காசு முழுசா கொடுக்கறோம்ல, மேல எதுக்குடா?" என்றார். பேசின காசு காண்ட்ராக்டருக்குப் போகிறது சித்தப்பா, வாளி தூக்குகிறவனுக்கு எவ்வளவு போகிறது என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது என்றேன். அத்தை கையில் தாம்பூலத் தட்டைக் கொடுத்து, வெற்றிலை பாக்கோடு கவரை வைத்து, முதலில் கொல்லைப்பக்கம் போகச் சொன்னேன். எல்லோரும் டைனிங் ஹாலில் கண்ணில் படுகிற பையன்களுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பாத்திரம் கழுவுகிற அம்மாக்கள், எச்சில் இலை எடுக்கிறவர்கள், காய் நறுக்குகிறவர்கள் எல்லாம் பின்னாடி இருப்பார்கள், அவர்கள் இருப்பதே கல்யாண வீட்டுக்குத் தெரியாது. அங்கே ஒரு வயசான அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, "பொண்ணை நான் இன்னும் பார்க்கலம்மா, ஒரு தடவை மேடைப் பக்கம் வந்து பார்த்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அத்தை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வருஷம் முழுக்க கல்யாண மண்டபத்தில் வேலை செய்கிறவர் அவர். தங்கை குனிந்து அவரிடம் ஆசீர்வாதம் வாங்கினாள், போட்டோகிராபர் அதை எடுக்கவில்லை, போகட்டும்.

எவ்வளவு என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஐந்நூறு இலை, இலைக்கு 350, ஆக ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். பரிமாறியவர்கள் இருபது பேர், தலைக்கு 100. அடுப்படி உதவியாட்கள் ஐந்து பேர், கழுவுகிறவர்களும் இலை எடுக்கிறவர்களும் ஐந்து பேர், இவர்களுக்குத் தலைக்கு 200. மாஸ்டருக்கு 1000. எல்லாம் சேர்த்து 5000, பில்லில் மூன்று சதவீதம் கூட வரவில்லை. கழுவுகிறவர்களுக்கு ஏன் அதிகம் என்று சித்தப்பா அதற்கும் கேட்டார். விருந்தாளி யாராவது பத்து இருபது பரிமாறுகிற பையன் கையில் வைத்துவிட்டுப் போவார், கொல்லைப்பக்கம் எந்த விருந்தாளியும் போக மாட்டார். அமெரிக்காவில் இத்தனை சதவீதம் தருகிறார்கள், இங்கேயும் அதைக் கொண்டுவருகிறாயா என்று சண்டைக்கு வராதீர்கள். நம் ஊரில் சமையல்காரருக்கு வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுக்கிற வழக்கம் நம் பாட்டி காலத்திலேயே இருந்தது. கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறவர்களை 200 கொடு என்று நான் சொல்லவில்லை, 50 ரூபாயும் வெற்றிலையும் கொடுங்கள், கையில் கொடுங்கள், அவ்வளவுதான்.

ஒன்பதரை என்று ஏன் சொன்னேன் என்றால், படிக்கிற பையன்கள் பத்து மணிக்கெல்லாம் கடைசி பஸ்ஸுக்கு நழுவிவிடுவார்கள். மறுநாள் முகூர்த்தத்துக்கு வருவது பல இடங்களில் வேறு செட். காண்ட்ராக்டரோடு செட்டில்மெண்ட் மறுநாள் மத்தியானம்தான் நடக்கும், அப்போது கவரை எடுத்தீர்களானால் ராத்திரி ஓடினவர்கள் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள். ஒன்பதரைக்கு நீங்களும் அப்பா அம்மாவும் மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பீர்கள், அதனால் இதற்கென்று ஒரு மாமாவையோ அத்தையையோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மொய் எழுத உட்காருகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அவரால் நகர முடியாது.

காசு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேட்டரிங்குக்கு இதில் சம்பந்தம் இல்லை, ஆனாலும் உங்களுக்கு உதவும். எங்கள் மண்டபத்தில் வாடகை ஒன்று சொன்னார்கள், கடைசியில் கரண்டுக்கு யூனிட் கணக்கு, ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு, மேடையில் ஆணி அடித்ததற்குப் பிடித்தம், அதற்குமேல் சுத்தம் செய்ய 4000 ரூபாய் தனி பில். சரி என்று கட்டினேன். பெருக்க வந்த இரண்டு பெண்கள் வாசலில் நின்று, "எங்களுக்கு ஏதாவது பார்த்துக் கொடுங்க தம்பி" என்று கேட்டார்கள். சுத்தத்துக்குப் பணம் கட்டிவிட்டேனே என்றேன். அவர்களுக்கு அன்றைக்குக் கூலி ஆளுக்கு 300 ரூபாய்தானாம். மிச்சம் 3400 எங்கே போனது? மேனேஜரிடம் கேட்டதற்கு அது ஆபீஸ் கணக்கு சார் என்றார். ஆணி ஓட்டைக்குப் பிடித்தார்களே, அந்தச் சுவரில் எங்களுக்கு முன்பே எத்தனை ஓட்டை இருந்தது என்று சாவி வாங்கும்போதே போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டியதும் அந்தப் பிடித்தத்தை மட்டும் விட்டார்கள். நீங்களும் சாவி வாங்குகிற அன்றைக்கே சுவர், குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

மண்டபம் இல்லாமல் ஹோட்டல் ஹாலில் ரிசப்ஷன் என்றால் கொட்டேஷனை ஒரு வரி விடாமல் படியுங்கள். சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் அது ஜிஎஸ்டி இல்லை. ஜிஎஸ்டி அரசுக்குப் போகிற வரி, சேவைக் கட்டணம் ஹோட்டலுக்குப் போவது. ஹோட்டல், உணவகங்கள் இதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி கொண்டுவந்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்று தீர்ப்பு சொன்னது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அதை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கவைத்த பணத்தை பரிமாறுகிறவர்கள் கையில் கொடுங்கள்.

இன்னும் ஒன்று, இதற்குக் காசு அதிகம் ஆகாது. காண்ட்ராக்டரிடம் பேசும்போதே வேலை செய்கிற முப்பது பேருக்கும் சேர்த்து இலைக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் இனிப்பு உட்பட எல்லாம் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், நான் அந்த முப்பது இலைக்கும் காசு கொடுத்தேன். கடைசிப் பந்தி முடிந்ததும் அவர்களை உட்காரவைத்து என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் பரிமாறினார்கள். சில்லறைக்கு வங்கியில் ஒரு வாரம் முன்பே சொல்லி 100 ரூபாய்க் கட்டு ஒன்று வாங்கி வையுங்கள், முகூர்த்த சீசனில் கடைசி நேரத்தில் கிடைக்காது. கவரில் போட்டு பெயரெல்லாம் எழுத வேண்டாம், நாலைந்து கவர் மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், சொன்ன ஆட்களைவிட இரண்டு மூன்று பேர் எப்போதும் கூட வருவார்கள்.