அப்பாவுக்கு உணவுக்குழாய் புற்றுநோய்: இன்னும் எத்தனை காலம் என்று கணிக்க முடியுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை, கஞ்சிதான். 64 கிலோ இருந்தவர் இப்போது 56. எண்டோஸ்கோபி, பயாப்ஸி செய்து, உணவுக்குழாயின் நடுப்பகுதியில் ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்றார்கள். கீமோ, ரேடியேஷன், பிறகு ஆபரேஷன் என்கிறார் டாக்டர். நூற்றில் இருபது பேர்தான் ஐந்து வருடம் தாண்டுவார்கள் என்று இணையத்தில் படித்தேன். உண்மையா?

பதில்: எண் சரிதான். ஆனால் அதை வைத்து உங்கள் அப்பாவை அளக்க முடியாது. அது அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டின் கணக்கு. ஆரம்பத்திலேயே தெரிந்தவர், கல்லீரல்வரை பரவியவர் என எல்லோரையும் சேர்த்து எடுத்தது. பிரித்தால், உணவுக்குழாயோடு நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். தூர உறுப்புக்குப் பரவியவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். தவிர, அங்கே அதிகம் வருவது அடினோகார்சினோமா என்ற வேறு வகை; அப்பாவுக்கு வந்திருப்பது ஸ்குவாமஸ் வகை.

அதனால் நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் பெட்-சிடி ஸ்கேன் முதலில் முடியட்டும். அதற்கு முன் யார் சொன்னாலும் அது ஊகம்தான். குடலுக்கு இருப்பதுபோல உணவுக்குழாய்க்கு வெளியுறை கிடையாது. கட்டி சீக்கிரம் சுவரைத் தாண்டிவிடும். விழுங்கச் சிரமம் வரும்போது பெரும்பாலும் அந்த நிலைக்கு வந்திருக்கும். அப்புறம் நெறிக்கட்டிகள் (லிம்ப் நோட்). ஒன்றிரண்டில் நோய் இருந்தால் ரிப்போர்ட்டில் என்1 (N1) என்று போடுவார்கள், மூன்றிலிருந்து ஆறு என்றால் என்2, ஏழும் அதற்கு மேலும் என்3. இந்த எண்ணிக்கை கூடக்கூட ஆயுள் கணக்கு இறங்கும்.

உங்கள் டாக்டர் சொல்லும் சிகிச்சைக்கு அடிப்படை, 2012இல் வெளியான நெதர்லாந்தின் ‘கிராஸ்’ ஆய்வு. ஐந்து வாரம், 23 முறை ரேடியேஷன், வாரம் ஒரு கீமோ, பிறகு ஆபரேஷன். ஸ்குவாமஸ் வகைக்காரர்களில் பாதிப் பேர் 81.6 மாதம் தாண்டினார்கள். ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களுக்கு அது 21.1 மாதம். (அந்த வகையில் இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. அதனால் தசமப் புள்ளியைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.)

ஆனால் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அப்பா இழந்தது 12.5 சதவீதம். இன்றைக்கு நான் கவலைப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் இப்போதே சரிசெய்யக்கூடியது இது ஒன்றுதான். ரேடியேஷன் தொடங்கினால் தொண்டை எரிந்து சாப்பாடு இன்னும் குறையும். மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டுச் சிறுகுடலுக்கோ உணவு செலுத்தும் டியூப் போட்டுக்கொள்ளலாமா என்று முன்பே கேளுங்கள். குடும்பத்தில் பலர் டியூப் என்றாலே கடைசிக் கட்டம் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் அது சிகிச்சையை இடையில் நிறுத்தாமல் முடிக்க உதவுவது. வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிற்கட்டும். ஆபரேஷனுக்குப் பின் நிமோனியா வரும் அபாயம் குறையும்.

ஓரளவு நம்பக்கூடிய கணிப்பு ஆபரேஷனுக்குப் பிறகுதான் வரும். வெட்டியெடுத்ததைச் சோதிக்கும் பெதாலஜி ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம் பாருங்கள்: உயிருள்ள புற்றணு மிச்சம் உண்டா, எத்தனை நெறிக்கட்டியில் நோய் இருந்தது. ‘கிராஸ்’ ஆய்வில் ஸ்குவாமஸ் வகைக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புற்றணு எதுவுமே மிஞ்சவில்லை. “அப்பா எத்தனை வருடம் இருப்பார்?” என்ற கேள்வியை அன்றைக்குக் கேளுங்கள்.

இதற்கிடையில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறி இருமல் வந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள். கட்டி மூச்சுக்குழாய்க்குள் துளைத்திருக்கலாம். அப்படியானால் சிகிச்சைத் திட்டமே மாறும்.