வாசகர் கேள்விகள்: கரண்ட் எடுத்த தண்ணீரில் சத்து இருக்குமா?

(மேட்டூர் அணையைப் பற்றி இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டதால், மற்றவை அடுத்த இதழுக்கு.)

எங்கள் தாத்தா, "மேட்டூரில் கரண்ட் எடுத்துட்டு சக்கைத் தண்ணியைத்தான் நமக்கு விடுறான், அதான் வயல் முன்ன மாதிரி இல்லை" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். அதில் கொஞ்சமாவது உண்மை இருக்கிறதா?
- பூதலூர் வாசகர்

சிரித்ததை நிறுத்துங்கள், தாத்தா பாதி சரி. கரண்ட் விஷயத்தில் அவர் சொன்னது தப்பு. டர்பைன் தண்ணீரிலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. மேலிருந்து கீழே விழுகிற வேகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, உள்ளே போன அத்தனை தண்ணீரையும் அப்படியே வெளியே விடுகிறது. சந்தேகம் இருந்தால் அணைக்குக் கீழே போய்ப் பாருங்கள். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்நிலையம். மேட்டூரில் ஒரு தடவை கரண்ட் கொடுத்த அதே தண்ணீர்தான் இங்கெல்லாம் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. சக்கையிலிருந்து இத்தனை தடவை சாறு வருமா?

ஆனால் வயல் மாறியது உண்மை, அதற்குக் காரணம் வண்டல். அணைக்கு முன்னால் காவிரியில் புதுத் தண்ணீர் வரும்போது செக்கச்செவேலென்று மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். வாய்க்காலில் பாய்ந்து வயலில் படியும், அதுவே பாதி எரு. 1934-க்குப் பிறகு அந்த ஆறு மேட்டூரில் வந்து ஏரியாகி நின்றுவிடுகிறது. நின்ற தண்ணீரில் மண் அடியில் தங்கும், தெளிந்தது மட்டும் மதகு வழியாக இறங்கும். அதற்கும் மேலே கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர் அணையும் ஏறத்தாழ அதே காலத்தில் வந்துவிட்டது, அங்கேயும் ஒரு பங்கு மண் தங்கிவிடும். ஆக, தாத்தா நஷ்டத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார், குற்றவாளியைத்தான் மாற்றிப் பிடித்தார். 2017-ல் அணை வறண்டு கிடந்தபோது அந்த வண்டலை அள்ளி விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். லாரி வாடகை கொடுத்து அள்ளிப்போகக் கூட்டம் வந்தது, மண்ணின் மதிப்புத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பூதலூர்ப் பக்கம் ஓடுகிற கல்லணைக் கால்வாய், பழைய ஆட்கள் புது ஆறு என்பார்களே, அது மேட்டூர் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மானாவாரியாகக் கிடந்த நிலத்தில் நெல் விளைந்தது அதனால்தான். வண்டல் போனது ஒரு பக்கம், வயல் கூடியது இன்னொரு பக்கம்.

கோடையில்தான் கரண்ட் தேவை அதிகம். அப்போது மேட்டூரில் தண்ணீரைத் திறந்து மின்சாரம் எடுக்கலாமே, ஏன் எடுப்பதில்லை?
- சென்னை வாசகர்

எடுத்தால் ஜூனில் நாற்று விட எதை வைத்துக்கொள்வது? மேட்டூர் பாசனத்துக்குக் கட்டிய அணை, மின்சாரம் கூடுதல் வரும்படி. வயலுக்குத் தண்ணீர் விடும்போது போகிற வழியில் கரண்ட் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட், இரண்டும் முழு மூச்சில் ஓட விநாடிக்குச் சுமார் 22,000 கனஅடிக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். ஜனவரி 28-ல் பாசனத்துக்கு மூடிவிட்டால் அப்புறம் குடிநீருக்காக ஆயிரம், இரண்டாயிரம் கனஅடிதான் ஆற்றில் விடுவார்கள், அதில் என்ன பெரிதாக ஓட்டுவது? நீங்கள் மேட்டூரில் புகை விடும் உயரமான சிம்னிகளைப் பார்த்துக் குழம்பியிருக்கலாம். அது அனல் மின்நிலையம், நிலக்கரியில் ஓடுவது, 1,440 மெகாவாட். அதற்கு அணையிலிருந்து போவது கொதிகலனுக்கும் குளிர்விக்கவும் வேண்டிய தண்ணீர் மட்டும்.

நீர்மட்டம் 60 அடி என்றால் பாதி அணை நிறைந்துவிட்டது என்று அர்த்தமா?
- ஈரோடு வாசகர்

இல்லை, கால் அணைதான். நீர்த்தேக்கம் அடி குறுகி வாய் அகன்ற சட்டி மாதிரி; மேலே போகப் போக ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும். முழு மட்டமான 120 அடியில் 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி), 100 அடியில் 65-க்குக் கொஞ்சம் குறைவு, 60 அடியில் சுமார் 25. செய்தியில் வெறும் அடிக்கணக்கைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவதும் பயப்படுவதும் வேண்டாம், பக்கத்திலேயே நீர் இருப்பு என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கனஅடி ஓடினால் ஒரு டி.எம்.சி. அப்படியானால் தளும்பி நிற்கிற அணையிலிருந்து, வரத்தே இல்லாமல், விநாடிக்கு 10,000 கனஅடி வீதம் திறந்தால் 108 நாளில் காலி. ஆனால் பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 முதல் மூடுகிற ஜனவரி 28 வரை 230 நாள் ஓட்ட வேண்டும். மீதி எங்கிருந்து வரும்? கர்நாடக எல்லையில் காவிரி நீரை அளக்கிற பிலிகுண்டுலுவைத் தாண்டி வர வேண்டும், அதற்குத்தான் இத்தனை வழக்கு. கர்நாடகம் ஆண்டுக்கு விட வேண்டும் என்று 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. அங்கே அளப்பதுதான்.

அணையின் உயரம் 214 அடி என்கிறார்கள், 120 அடியில் நிரம்பிவிட்டது என்கிறார்கள். மீதி 94 அடி எங்கே?
- தர்மபுரி வாசகர்

பெரும்பகுதி மண்ணுக்குள்ளும் ஆற்று மட்டத்தை ஒட்டியும். 214 என்பது அஸ்திவாரத்தின் அடியிலிருந்து உச்சி வரை. 120 என்பது நீர் அளவுகோலின் கணக்கு. யாரும் திருடிப் போகவில்லை.

ஜூன் 12 யார் பார்த்துக் கொடுத்த முகூர்த்தம்?
- மன்னார்குடி வாசகர்

பஞ்சாங்கம் இல்லை, பயிர்க்கணக்கு. காவிரி பிறக்கிற குடகில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கிற நேரம் ஜூன் தொடக்கம். அப்போது திறந்தால் மூன்று நாளில் கல்லணை, அப்புறம் உங்கள் கடைமடைக்கு இன்னும் சில நாள். குறுகிய காலப் பயிரான குறுவை நெல்லை நட்டு, வடகிழக்குப் பருவமழை வந்து சாய்ப்பதற்குள் அறுத்துவிடலாம். மதகுப் பொத்தானை அழுத்தி, சீறி வருகிற தண்ணீரில் பூவும் நவதானியமும் தூவுவது மட்டும்தான் சடங்கு. தேதியைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது: 2022-ல் வரத்து அதிகம் என்று மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்துவிட்டது. 90 அடியாவது இருந்தால்தான் ஜூன் 12-ல் தைரியமாகத் திறக்க முடியும்.

வெள்ளக் காலத்தில் இவ்வளவு தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறதே, இன்னொரு மேட்டூர் கட்டினால் என்ன?
- கரூர் வாசகர்

கட்ட மலை வேண்டும் சார். மேட்டூரைத் தாண்டினால் ஆறு சமவெளிக்கு வந்துவிடுகிறது, அங்கே உயரமாகத் தேக்கினால் ஊர் முழுகும். இருக்கிற அணைக்கே பண்ணவாடி, சாம்பள்ளி என்று ஊர்களைக் கொடுத்திருக்கிறோம். கதவணை, ஏரிக்குத் திருப்புவது, இவைதான் வழி. மேட்டூர் உபரிநீரைச் சரபங்கா திட்டத்தில் சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளுக்கு ஏற்றுவது அந்த வகை. 'வீணாக' என்ற சொல்லும் எனக்கு ஒப்பவில்லை. கொள்ளிட முகத்துவாரத்தில் நல்ல தண்ணீர் இறங்காவிட்டால் கடல் உப்பு நிலத்தடியில் ஏறிவிடும், அதை சிதம்பரம் பக்கத்து விவசாயியிடம் கேளுங்கள்.

குடும்பத்தோடு மேட்டூர் பார்க்க எந்த மாதம் வரலாம்?
- மதுரை வாசகர்

எதைப் பார்க்க என்று முடிவு செய்யுங்கள். பதினாறு கண் மதகில் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அணை நிரம்பியிருக்க வேண்டும், ஜூலை, ஆகஸ்டில் செய்தியைக் கவனித்துக்கொண்டே இருந்து கிளம்புங்கள். பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியையும் பழைய தேவாலயக் கோபுரத்தையும் பார்க்க ஆசையென்றால் நீர்மட்டம் நன்றாக இறங்க வேண்டும், அது நல்ல கோடையில்தான் நடக்கும், எல்லா வருஷமும் நடக்காது. பண்ணவாடியில் பரிசலில் ஏறுவதாக இருந்தால் உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். பூங்கா வாசலில் மீன் வறுவல் எப்போதும் உண்டு, வறுக்கச் சொல்வதற்கு முன்னால் விலையைக் கேளுங்கள்.