20ஆம் தேதி தவறாதவர்

வணக்கம்.

எனக்கு வயது 44. ஈரோடு பக்கம் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எதை எடுத்தாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறேன், இதுதான் என் பிரச்சினை. முன்பெல்லாம் நான் இப்படி இல்லை. பங்குனிக்கு அப்புறம்தான் என்னவோ கையே ஓடுவதில்லை.

மின் கட்டணத்தை இரண்டு தடவை கடைசி நாள் தாண்டி அபராதத்தோடு கட்டினேன். மகனுக்கு 15 வயது முடிந்துவிட்டது, ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. சனிக்கிழமை போகலாம் என்பேன். சனிக்கிழமை வந்தால் போர்வைகளை எடுத்து ஊறப்போட்டு உட்கார்ந்துகொள்வேன். நாத்தனார் எடுத்துக்கொடுத்த பட்டுப்புடவை ரவிக்கை தைக்காமல் பீரோவில் கிடக்கிறது. டெய்லரிடம் அளவு கொடுக்கப் போகவே மனசு வரவில்லை. தீபாவளிக்கும் பழைய புடவைதான் கட்டினேன். அதற்கு நாத்தனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கணவர் விருந்தாளிகள் முன்னாலேயே, "இவ சோம்பேறித்தனத்துக்கு மருந்தே கிடையாது" என்றார். அவர் என்ன செய்கிறார்? காஸ் புக் செய்வது முதல் மாமியாரின் பிரஷர் மாத்திரை வரைக்கும் நான்தான். மாமியாரை மாதாமாதம் டாக்டரிடம் கூட்டிப்போவதும் நான்தான், அதில் ஒரு மாதமும் தவறியதில்லை. ஆபீஸிலும் குறை கிடையாது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து 20ஆம் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டுவிடுவேன், ஒரு தடவைகூட முதலாளியை லேட் ஃபீ கட்ட வைத்ததில்லை. வீட்டுக்கு வந்தால்தான் இப்படி. செல்போனைக் கையில் எடுத்தால் மணி பதினொன்று ஆகிவிடுகிறது.

அலாரம் வைத்துப் பார்த்தேன். டைரி வாங்கி எழுதினேன். அதில் எழுதியவை அப்படியே இருக்கின்றன: ஆதார், ரவிக்கை, பேங்க் கேஒய்சி, மாடிக் குழாய், நோம்பிக்குத் தலைக்கு ஊற்றியபோது இடது மார்பில் கட்டி மாதிரி ஏதோ கையில் தட்டுப்பட்டது, வலியெல்லாம் இல்லை, அதையும் ஒரு நாள் போய்க் காட்டிவிட்டு வர வேண்டும், எங்கள் சின்னம்மாவுக்கும் இப்படித்தான் ஏதோ இருந்து கடைசி நேரத்தில்தான் கூட்டிப்போனார்கள் என்பார்கள், அப்புறம் மகனின் ஸ்காலர்ஷிப் படிவம். பட்டியல் நீள்கிறதே தவிர ஒன்றும் குறையவில்லை.

விருந்தாளிகள் முன்னால் சோம்பேறி என்றதுதான் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. எனக்கு ஒரு கால அட்டவணை போட்டுத் தருவீர்களா?

ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

அட்டவணை தரமாட்டேன். மாதம் தவறாமல் 20ஆம் தேதிக்குள் கணக்கை முடிக்கிறவருக்கு நேரத்தைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?

மாடிக் குழாய்க்கும் ஸ்காலர்ஷிப் படிவத்துக்கும் நடுவில் ஒன்றைச் சொருகியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய கடிதமே அதுதான் என்று எனக்குப் படுகிறது. மின் கட்டணமும் நாத்தனாரும் விருந்தாளிகளும் அதைச் சுற்றி நிற்கிற கூட்டம்.

உங்கள் பக்கம் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டு நோம்பி நடப்பது பங்குனியில். கை ஓடாமல் போனதும் "பங்குனிக்கு அப்புறம்தான்" என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டீர்கள். இரண்டும் உங்கள் வார்த்தைகள்தான். அடுத்தடுத்து வைத்துப் பார்க்க உங்களுக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். அந்த ரவிக்கையையும் யோசித்துப் பாருங்கள். டெய்லர் கடையில் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடிப்பார்கள். அந்த இடத்தில் இன்னொருவர் கை படும். அங்கே போக மனசு வராததற்குச் சோம்பல் என்றா பெயர்?

கனடாவைச் சேர்ந்த ஃபூஷியா சிரோய், திமோத்தி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு வேலையை நினைத்ததும் மனதில் எழுகிற கசப்பையோ பயத்தையோ அந்த நிமிடத்துக்குத் தணித்துக்கொள்ளத்தான் தள்ளிப்போடுகிறோம், நாளைக்கு அதன் விலையைக் கொடுக்கப்போவதும் நாமேதான் என்பது அவர்கள் வாதம். போர்வையை ஊறப்போட்டதும் உங்களுக்குக் கிடைத்த நிம்மதி அதுதான். எனக்கும் இது புதிதல்ல. ஒரு கடைவாய்ப் பல்லைக் கிராம்பு வைத்தே ஒரு வருடம் ஓட்டியவன் நான்.

சரி, ஒரு கட்டிக்குப் பயந்தால் ஆதார் ஏன் நிற்க வேண்டும்? உங்கள் டைரியைப் பாருங்கள். அதைத் திறந்தால் அந்த ஒரு வரியும் கண்ணில் படும். அதனால் டைரியையே திறப்பதில்லை. பாவம், ஆதாரும் குழாயும் அதே பக்கத்தில் மாட்டிக்கொண்டன. ஆபீஸ் லெட்ஜரில் அந்த வரி இல்லை, அங்கே கை தானாக ஓடுகிறது. மாமியாரின் மாத்திரைச் சீட்டிலும் இல்லை. ராத்திரி செல்போன் பதினொன்று வரைக்கும் இழுப்பதற்குக்கூட இதுதான் காரணமாக இருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகப் படுத்தால் கை எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இனிச் சொல்வது கொஞ்சம் கசக்கும். விருந்தாளிகள் முன்னால் மனைவியைச் சோம்பேறி என்றது தப்பு, அதில் உங்கள் கணவர் பக்கம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கட்டியைப் பற்றி அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. ஏழு மாதமாக நீங்கள் எதைச் சுமக்கிறீர்கள் என்று தெரியாத மனிதர், கண்ணில் பட்டதை வைத்துப் பேசிவிட்டார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் இத்தனை நாள் ஓட்டிவிட்டீர்கள். கோபத்தில் இருக்கிறவரைக்கும் பயப்பட நேரம் இருக்காது. மாமியாரை மாதாமாதம் எந்த வாசலுக்குக் கூட்டிப்போகிறீர்களோ அதே வாசலில் உங்களுக்கும் ஒரு சீட்டு போட்டிருக்கலாம். தியாகம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது ஒளிந்துகொள்ள வாகான இடமாகத்தான் தெரிகிறது.

அந்தக் கட்டி என்னவென்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மார்பில் தட்டுப்படுகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. நீர்க்கட்டியாகவோ நார்க்கட்டியாகவோ இருக்கும். அதை வைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். வலி இல்லையே என்பதும் சமாதானம் ஆகாது, பயப்பட வேண்டிய கட்டிகளும் தொடக்கத்தில் வலிக்காமல்தான் இருக்கும். டாக்டர் கையால் பார்ப்பார், மேமோகிராமோ ஸ்கேனோ எடுப்பார்கள், தேவைப்பட்டால் ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். ஊசி பட்டால் பரவிவிடும் என்று யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். ஒருவேளை பயந்ததே என்றாலும் சீக்கிரம் பிடித்தால் குணப்படுத்துகிற வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

உங்கள் சின்னம்மா கதையில் "கடைசி நேரத்தில்தான் கூட்டிப்போனார்கள்" என்கிற பாதியை நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பயமுறுத்துவது முன்பாதி. எனக்குப் பயம் பின்பாதியைப் பார்த்துத்தான்.

இன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவுவதற்கு முன்னால் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: "மார்பில் ஒரு கட்டி இருக்கு, பங்குனியிலிருந்து இருக்கு, தனியாகப் போகப் பயமா இருக்கு." நாத்தனார், ஆதார், விருந்தாளி எதையும் இதோடு சேர்க்காதீர்கள். நாளைக் காலை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு இருவருமாக மருத்துவமனைக்குப் போங்கள். சனிக்கிழமை வரைக்கும் வைக்க வேண்டாம், சனிக்கிழமைகளை நீங்கள் எப்படிக் கழிப்பீர்கள் என்று பார்த்துவிட்டோமே. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். ரவிக்கையைப் பொங்கலுக்குத் தைத்துக்கொள்ளலாம், நாத்தனார் கோபம் அதுவரைக்கும் தாங்கும்.