முத்திரை எண் பிசகிய பழைய ரிவால்வர்: வாங்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். ரிவால்வர் வாங்க எனக்கு உரிமம் கிடைத்துவிட்டது. குன்னூரில் ஒரு பெரியவர் தன் அப்பா காலத்து .32 ரிவால்வரை விற்கிறார். இங்கிலாந்தில் செய்தது. அப்பா அதை 1968-ல் சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடையில் வாங்கினாராம். துப்பாக்கியின் உடலான பிரேமில் இருக்கும் எண்ணின் கடைசி இலக்கம், 8 மேல் 3 அடித்தது போலத் தெரிகிறது. தோட்டா ஏற்றும் சிலிண்டரில் 8 என்றே இருக்கிறது. அவருடைய உரிமத்தில் 3. "கம்பெனியிலேயே நடந்த பிழை, இப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம்" என்று சொல்லி 75,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். 1 லட்சம் ரூபாய் முன்பணத்தை வங்கி வழியாகக் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா? வாங்கிய பிறகு எண்ணை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரியாக அடித்துக்கொள்ளலாமா? வேண்டாம் என்றால் முன்பணம் திரும்ப வருமா?
வாசகர், கோவை மாவட்டம்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த எண்ணில் யாரும் கை வைக்கக் கூடாது. மெக்கானிக், நகைப் பட்டறை, லேத் பட்டறை, யாராக இருந்தாலும் சரி. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 8(1) துப்பாக்கியில் உள்ள பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ, நீக்கவோ, மாற்றவோ, போலியாக அடிக்கவோ கூடாது என்கிறது. "தப்பாக இருந்ததைச் சரி செய்தேன்" என்பது பதிலாகாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது மாற்றம்தான், சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம்தான்.

வாங்கலாமா என்ற கேள்விக்கு வருவோம். இன்றைய நிலையில் வாங்காதீர்கள். முறைப்படி சில காரியங்கள் நடந்த பிறகு வாங்கலாம்.

பிரிவு 8(3)-ஐ விற்பவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அடையாளக் குறி இல்லாத, அல்லது அது அழிக்கப்பட்ட, மாற்றப்பட்ட, போலியாக அடிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அந்த வேலையைச் செய்தது அவர்தான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. வழக்கமாகக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது போலீஸ். இங்கே அந்தப் பாரம் துப்பாக்கியோடு சேர்ந்து கைமாறுகிறது. 1968-ல் வாங்கியவரும் அதற்கு முன் வைத்திருந்தவரும் இன்று சாட்சி சொல்ல வரப்போவதில்லை. ஏதாவது ஒரு சோதனையில் துப்பாக்கி உங்களிடம் பிடிபட்டால், அந்த 3 எப்படி வந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உண்மையிலேயே தொழிற்சாலையில் நடந்த பிழை என்றால், தயாரித்தவரே திருத்தி அடித்த எண்தான் அந்தத் துப்பாக்கியின் அசல் அடையாளக் குறி. அது 'மாற்றப்பட்ட' எண் ஆகாது என்று நான் வாதாடுவேன். எண் இருப்பதால், குறியே இல்லாத துப்பாக்கியை விற்கத் தடை போடும் 8(2)-ம் நேரடியாகப் பொருந்தாது. வாதம் நல்ல வாதம்தான். ஆனால் அதை நீதிமன்றக் கூண்டில் நின்று நிலைநாட்டுவதைவிட, வாங்குவதற்கு முன்பே கோப்பில் ஏற்றிவிடுவது எவ்வளவோ மேல்.

பிழை தொழிற்சாலையில்தான் நடந்தது என்று எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒவ்வொரு இலக்கமாக அடிப்பது வழக்கம். கை பிசகினால் அதன் மேலேயே சரியான இலக்கத்தை அடிப்பார்கள். பொதுவாக எண் அடித்த பிறகுதான் கருநீலப் பூச்சு ஏறும். அதனால் அசல் திருத்தம் என்றால் 8, 3 இரண்டின் பள்ளத்துக்குள்ளும் ஒரே மாதிரிப் பூச்சு, ஒரே மாதிரித் தேய்மானம் இருக்கும். 3-ன் விளிம்பில் மட்டும் உலோகம் பளிச்சென்று தெரிந்தாலோ, அதன் எழுத்து வடிவம் மற்ற இலக்கங்களோடு ஒட்டாமல் இருந்தாலோ சந்தேகப்படுங்கள். ஒரு லென்ஸை வைத்து, துப்பாக்கியைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண் இருக்கும் இடம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தால் அங்கே அரம் போயிருக்கிறது என்று அர்த்தம். பூச்சை மறுபடி ஏற்றியிருந்தால் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. அதற்குத்தான் தடய அறிவியல் ஆய்வு. அச்சு விழுந்த இடத்தில் உலோகம் அடி வரை இறுகியிருக்கும். மேலே அரத்தால் தேய்த்திருந்தாலும் அமிலக் கரைசல் பட்டால் பழைய எண் பெரும்பாலும் மேலே வந்துவிடும்.

எனக்குப் பிரேமைவிடச் சிலிண்டர்தான் அதிகம் உறுத்துகிறது. பிரேமில் தவறாக 8 அடித்துப் பிறகு 3 ஆக்கிய தொழிலாளி, சிலிண்டரில் 8-ஐ அப்படியே விட்டுவிட்டாரா? நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தச் சிலிண்டர் வேறொரு ரிவால்வரிலிருந்து கழற்றிப் பொருத்தியதாகவும் இருக்கலாம். ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் அதன் பாகங்களும் அடக்கம். 8-ல் முடியும் அந்த எண்ணுள்ள ரிவால்வர் எங்கே, யார் பெயரில் இருக்கிறது, எங்காவது காணாமல் போனதாகப் புகார் உண்டா என்றெல்லாம் கேள்வி கிளம்பும். பேரலுக்கு அடியிலும், பிடியின் கட்டைகளைக் கழற்றினால் உள்ளேயும் சில துப்பாக்கிகளில் எண்ணோ அதன் கடைசி இலக்கங்களோ இருக்கும். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவரை வைத்து, பெரியவரின் முன்னிலையிலேயே அங்கெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் காகிதங்கள். 1968 பில், அப்பாவின் பழைய உரிமப் புத்தகங்கள், புதுப்பித்த பதிவுகள், எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். ஆகப் பழைய காகிதத்தில் என்ன எண் இருக்கிறது என்பதுதான் முக்கியம். அதிலும் 3 என்றே இருந்தால் பெரியவர் சொல்வதற்குப் பலம் கூடும். பழையதில் 8, பிறகு வந்ததில் 3 என்றால் ஒன்று குமாஸ்தா மாற்றி எழுதியிருக்க வேண்டும், அல்லது யாரோ எஃகையே மாற்றியிருக்க வேண்டும். என் அனுபவத்தில் தொழிற்சாலைப் பிழையைவிட அலுவலகப் பிழையே அதிகம். மங்கிய இலக்கத்தைப் பார்த்து எழுதும்போது 3, 8 ஆவதும் 8, 3 ஆவதும் சாதாரணம். அப்பா இறந்த பிறகு துப்பாக்கி மகன் பெயருக்கு முறையாக மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இடைப்பட்ட காலத்தில் பிரிவு 21 சொல்கிறபடி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்த ரசீது இருந்தால் இன்னும் நல்லது.

இவை திருப்தியாக இருந்தால், பெரியவர் தன் உரிம அதிகாரியான நீலகிரி கலெக்டருக்கு மனு கொடுக்க வேண்டும். பிரேம், சிலிண்டர் எண்களின் தெளிவான படங்களை இணைத்து, இன்ன இடத்தில் இன்ன குறி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதி, காவல்துறையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் மூலம் சரிபார்த்து, தேவைப்பட்டால் சென்னை தடய அறிவியல் துறைக்கு அனுப்பி, உரிமத்திலும் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்திலும் குறிப்பேற்றும்படி கேட்க வேண்டும். நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கும் ஆய்வு இல்லை இது. அதிகாரியோ நீதிமன்றமோ அனுப்பினால்தான் அறிக்கைக்கு மதிப்பு. விற்பனைக்குத் தனியாக ஒரு நடைமுறை உண்டு. பிரிவு 5(2)-ன்படி, விற்கப்போவதாக மாவட்ட மாஜிஸ்திரேட்டான கலெக்டருக்கோ அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, குறைந்தது 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். உங்கள் பக்கம் கோவை கலெக்டர் அலுவலகத்தில் இந்தத் துப்பாக்கியை வாங்க அனுமதி பெற்று, இரண்டு குறிகளையும் சேர்த்து உங்கள் உரிமத்தில் பதியச் சொல்லுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். பதிவு முடியும் வரை, "வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அவர் கொடுத்தாலும் வாங்கி வராதீர்கள்.

குண்டளவையும் சரிபார்த்துவிடுங்கள். .32 பிரச்சினை இல்லாத ரகம். ஆனால் .380, .455 போன்ற ராணுவத் தோட்டாக்களை ஏற்றிச் சுடக்கூடிய ரிவால்வர் தடை செய்யப்பட்ட ரகத்தில் வரும். அதற்குக் கலெக்டர் உரிமம் போதாது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உள்ளே எந்தத் தோட்டா ஏறும் என்பதே கேள்வி. எண்ணே பிசகிய துப்பாக்கியில் மற்ற எழுத்துகளை அப்படியே நம்ப வேண்டாம்.

அந்த 75,000 ரூபாயைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் முத்திரை பிசகிய பழைய துப்பாக்கிகளைத் தேடிப் பிடித்து அதிக விலை கொடுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அங்கே 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கிகளுக்கு மத்தியச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் பொருந்தாது. நம் ஊரில் நிலைமை வேறு. பிரிவு 45(c) பழமையான ஆயுதத்துக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால் மட்டுமே. சுடுகிற ரிவால்வருக்கு வயது நூறானாலும் உரிமம் வேண்டும். 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றுபோன பிறகு, இங்கே பழைய இங்கிலாந்து ரிவால்வர்கள் பல லட்சத்துக்குப் போகின்றன. அந்த விலையே போதும். எண் பிசகு உங்களுக்குச் சுமை. அதற்கு நீங்கள் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டுமே தவிர, கூட்டிக் கொடுக்க அதில் நியாயம் இல்லை. மீதித் தொகையையும் வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பணத்தைப் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரும்.

முன்பணம் திரும்ப வருமா? கலெக்டர் அனுமதி மறுத்தால், பெரும்பாலும் வரும். அனுமதி கிடைத்தால்தான் நிறைவேறும் ஒப்பந்தம் இது. அது நடக்காமல் போனால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 65-ன்படி, அதன் கீழ் வாங்கியதை அவர் திருப்பித் தர வேண்டும். அனுமதி கேட்காமலேயே நீங்களாக மனம் மாறினால் கதை வேறு. "தொழிற்சாலைப் பிழை என்று தவறாகச் சொன்னார்" என்ற வாதமும் அப்போது அவ்வளவாக எடுபடாது. பிசகிய எண்ணை உங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறீர்கள். சாதாரணக் கவனத்தில் உண்மை தெரிந்திருக்கும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 19 கைகொடுக்காது. எனவே இப்போதே அவருக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள்: இரு எண்களும் அதிகாரிகளால் சரிபார்க்கப்பட்டு, இரு மாவட்ட அனுமதியும் கிடைத்தால் மட்டுமே வாங்குவேன், இல்லையென்றால் 1 லட்சம் ரூபாயை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று. அதற்கு அவர் எழுத்தில் சம்மதித்தால் உங்கள் பணம் பத்திரம். சம்மதிக்க மறுத்தால் மேலே ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். பணம் கேட்டு வழக்குப் போட உங்களுக்கு 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது.