கொறங்காடு சுருங்குவது ஏன்: "மழை இல்லைங்க" என்ற பதிலோட நின்னுடாதீங்க

கொறங்காடு, அதாவது கொங்குப் பகுதியில் உயிர்வேலி போட்டுப் புல்லும் வெள்வேல மரமும் வளர்க்கிற மேய்ச்சல் காடு, ஏன் சுருங்குதுன்னு திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் 60 வீட்டில் கேள்வித்தாள் கொடுத்தும் "மழை இல்லைங்க" என்ற ஒரே பதில்தான் வருதுன்னு எழுதியிருந்தீங்க. அவங்க பொய் சொல்லலை. "ஏன்"னு கேட்டா யாரும் வானத்தைத்தான் காட்டுவாங்க. ஆனா ஒரே மழைதான் பெய்யுது; ஒரு காட்டில் மேய்ச்சலுக்கான கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம், வேலிக்கு அந்தப்புறம் வெறும் தரை. மானுடவியல் தேட வேண்டியது அந்த வித்தியாசத்தை.

அடுத்தடுத்த காடுகளா 5 ஜோடி எடுங்க. புலப்படத்தை (நிலத்தோட எல்லையைக் காட்டுற சர்வே வரைபடம்) கையில் வெச்சுக்கிட்டு, மேய்க்கிறவரையும் கூட்டிக்கிட்டு வேலியைச் சுற்றி நடங்க. உயிர்வேலியா நிற்கிற கிளுவைச் செடி பட்டுப்போன இடத்திலேயே நின்னு கேளுங்க: கடைசியா போத்து (நடுறதுக்கு வெட்டின கிளை) நட்டது யாரு, எந்த வருசம், கூலி யார் கொடுத்தது? பாகப்பிரிவினைக் கதை அங்கேதான் வெளியே வரும். நாலு பங்காளி பிரிச்சுக்கிட்டா துண்டு சிறுத்துடும், மாற்றி மாற்றி மேய்க்க இடம் பத்தாது. புல் விதை உதிர்க்கும் முன்னாடியே ஆடு கடிச்சிரும். ஒரு வருசக் குத்தகைக்காரர் அடுத்த வருசத்துக்குன்னு வேலி கட்ட என்ன அவசியம் இருக்கு?

பெண்களை விட்டுடாதீங்க. மாட்டை வித்து ஆடு வாங்கின வீட்டில், பால் காசு யார் கையில் இருந்ததுன்னு கேட்காம அந்த முடிவு புரியாது. ஆட்டுக்குத் தீனியாகிற வெள்வேலங்காய் பொறுக்குறது யாருன்னும் கேளுங்க.

ஒவ்வொரு காட்டிலும் 10 இடத்தில் 1 மீட்டர் சதுரம் போட்டுப் புல் தூரை எண்ணுங்க. சொன்னதையும் தரையையும் ஒத்துப் பார்க்க அது வேணும். குறிப்பை அன்னைக்கு ராத்திரியே விரிச்சு எழுதிடுங்க. கோடையில் மட்டும் போகாம, ஐப்பசி மழைக்கு அப்புறமும் அதே சதுரங்களை எண்ணுங்க.