ஆர்விக்கு எந்த ஃபிரிட்ஜ்? பிளக் இல்லாத இரவுகளை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: டாலஸில் வசிக்கிறோம். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி (ஆர்வி), பத்து வருடப் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். அதிலிருக்கும் கேஸ் ஃபிரிட்ஜ் குளிர்வதே இல்லை. கூலிங் யூனிட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். திரும்பவும் கேஸ் ஃபிரிட்ஜே போடுவதா, வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி வைத்துவிடுவதா? வாரக் கடைசிகளில் பக்கத்து ஸ்டேட் பார்க்குகளுக்குப் போவோம். வரும் ஜூலையில் மூன்று வாரம் யூட்டா. கைக்குழந்தை இருப்பதால் பால் கெடக் கூடாது. தோசை மாவும் எடுத்துப் போவோம்.

பதில்: ஒரு நோட்டை எடுத்து, இந்த ஆண்டு டிரெய்லரில் தூங்கப்போகும் இரவுகளை எழுதுங்கள். எத்தனை இரவு கரன்ட் பிளக் உள்ள இடத்தில், எத்தனை இரவு பிளக் இல்லாத இடத்தில்? எந்த ஃபிரிட்ஜ் என்பதை இந்த இரண்டாவது கணக்குதான் முடிவு செய்யும். பிளக் இருக்கிற இடத்தில் எந்த ஃபிரிட்ஜும் ஓடும்.

கேஸ் ஃபிரிட்ஜுக்குள் கம்ப்ரசர் கிடையாது. நெருப்புதான் அதைக் குளிர வைக்கிறது. 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. அடியில் எரியும் புரோபேன் சுடர், தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியாவைக் கொதிக்க வைத்துப் பிரிக்கும். அது மேலே போய்த் திரவமாகி, கீழே வழியும்போது ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆவியாகி, உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். அப்புறம் மறுபடியும் தண்ணீரில் கரைந்துவிடும். இத்தனையும் பம்ப் இல்லாமல், திரவம் தானாக வழிந்து இறங்குவதை நம்பியே நடக்கிறது.

அதனால்தான் வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்கிறோம். பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி என்பது வழக்கமான எல்லை. ஓடும்போது வண்டி குலுங்கிக்கொண்டே இருப்பதால் பாதகமில்லை. சாய்ந்தபடி நிறுத்திவிட்டுத் தூங்கினால்தான் வினை. திரவம் திரும்பி வராமல் கொதிகலன் வறண்டு சூடேறும். துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்திருக்கும் சோடியம் குரோமேட் கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை, கூலிங் யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான். உங்களுடைய ஃபிரிட்ஜின் பின்பக்க மூடியைத் திறந்து பாருங்கள். குழாய் ஓரத்தில் மஞ்சள் பொடி படிந்து, அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் அது கசிவு. உடனே அணைத்துவிடுங்கள், மறுபடி பற்றவைக்காதீர்கள். ஹைட்ரஜனும் சுடரும் ஒரே இடத்தில் இருக்கும் கருவி இது. தீ அபாயத்துக்காக 2006-இல் டொமெட்டிக் நிறுவனமும், 2010-இல் நார்கோல்ட் நிறுவனமும் தங்கள் ஃபிரிட்ஜ்கள் பலவற்றைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்தன.

இவ்வளவும் சொன்னாலும், காட்டுக்குள் பத்து நாள் பிளக் இல்லாமல் இருப்பவர்களுக்குக் கேஸ் ஃபிரிட்ஜை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 20 பவுண்டு சிலிண்டர் ஒன்று, ஃபிரிட்ஜுக்கு மட்டும் என்றால், இரண்டு வாரம் வரைகூட வரும். கன்ட்ரோல் போர்டுக்குக் கொஞ்சம் 12 வோல்ட் கரன்ட் வேண்டும், அவ்வளவுதான்.

உங்களுக்கு அதைச் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் வெயிலும் உயரமும். வெளியே 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கேஸ் ஃபிரிட்ஜ் திணறும். டெக்சஸ் ஜூலையைப் பற்றி உங்களுக்கே தெரியும். 5,500 அடிக்கு மேல் சுடர் தடுமாறலாம், கரன்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று கையேடுகளே சொல்கின்றன. நீங்கள் போகும் யூட்டாவில் பிரைஸ் கேன்யன் பூங்காவின் கேம்ப்கிரவுண்டோ சுமார் 8,000 அடியில் இருக்கிறது, அங்கே கரன்ட் இணைப்பும் கிடையாது.

சரி, வீட்டு ஃபிரிட்ஜ்? விலை குறைவு, இடம் அதிகம், வெயிலிலும் நன்றாகக் குளிரும். பிளக் இல்லாத இரவில் அதை ஓட்ட பேட்டரி தாங்குமா என்பதுதான் கேள்வி. கடையில் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் எனர்ஜி கைட் தாளைப் பாருங்கள். வருட யூனிட்டை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் கணக்கு வரும். டிரெய்லர் சூட்டில் ஒன்று முதல் ஒன்றரை யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நாளைக்கு 100 முதல் 150 ஆம்ப்-ஹவர் போகும். பழைய டிரெய்லர்களில் இருக்கும் 100 ஆம்ப்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அரை நாள் தாங்கினாலே அதிகம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் ஃபிரிட்ஜைப் போடுவேன். புது ஆர்விகள் பலவற்றில் இப்போது அதுதான் வருகிறது. பழைய கேஸ் ஃபிரிட்ஜின் பொந்திலேயே உட்காரும் அளவுகளில் கிடைக்கிறது. இன்வெர்ட்டர் வேண்டாம், கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் ஒன்றும் ஆகாது. கூடவே 200 ஆம்ப்-ஹவர் லித்தியம் பேட்டரியும், கூரையில் 400 வாட் சோலாரும் போடுங்கள். பிளக் கரன்டை 12 வோல்ட்டாக்கிப் பேட்டரிக்குத் தரும் பழைய கன்வர்ட்டர், லித்தியத்தைச் சரியாகச் சார்ஜ் செய்யுமா என்பதையும் பார்த்துவிடுங்கள். யூட்டா வெயிலில் அந்தப் பேனல் ஒரு நாளில் ஒன்றரை யூனிட் வரை தரும். பிரைஸில் மரநிழலைத் தேடி நிறுத்தாதீர்கள். பேட்டரிக்கும் சோலாருக்கும் இப்போது பட்ஜெட் இல்லையென்றால், வீட்டு ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு, பிளக் உள்ள கேம்ப்கிரவுண்டுகளாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். யூட்டாவின் ஸயான் பூங்காவில், வாட்ச்மேன் என்ற கேம்ப்கிரவுண்டில் கரன்ட் உள்ள இடங்கள் உண்டு, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மாற்றும்போது மூன்று விஷயம். பழைய கேஸ் குழாயின் முனையைத் தகுதியுள்ள மெக்கானிக்கை வைத்து மூடி, கசிவு சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டு ஃபிரிட்ஜ் என்றால், ஓடும்போது திறந்துகொள்ளாமல் இருக்கக் கதவுக்குப் பூட்டோ பட்டையோ வேண்டும். டிரெய்லர் வாசலின் அகலத்தையும் வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். ஜன்னலைக் கழற்றி ஃபிரிட்ஜை உள்ளே இறக்கியவர்கள் உண்டு.

எது வாங்கினாலும், கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டுக் கரன்டில் ஓடவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்து, நடுத்தட்டில் இரவு முழுக்க விட்டு, காலையில் பாருங்கள். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் பாலை வைக்கலாம். மாவு பொங்கிய பிறகு, அதையும் வீட்டில் இருக்கும் ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள்.